சுமைதாங்கிக் கற்களைக் கேட்டு எடுத்த கணக்கு

பவுனு, நீ கேட்ட மருத்துவச்சி வந்துவிட்டாள். கொள்ளிடக்கரை ஊர்களுக்கென்றே போட்டிருக்கிறார்கள். சின்னப் பெண். தோல் பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் இடத்துக்கும் புதுப் பியூன் ஒருவன் வந்திருக்கிறான். நான் பெரம்பலூருக்கு மாறிப் போகிறேன். போகும் முன் இவர்களுக்கு வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம், எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் சார் சொல்கிறார். நீ இருந்திருந்தால் நீ பேசியிருப்பாய், நான் பக்கத்தில் நின்று தலையாட்டியிருப்பேன். எனக்கு வாய் வரவில்லை, பவுனு. அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி, தம்பி, பவுனு என் பெண்சாதி. என் தாய்மாமன் மகள். அரியலூரில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வயதிலும் உங்களைவிட ரொம்பப் பெரியவனில்லை. அம்மை குத்துவது, கிணற்றுக்கு மருந்து போடுவது எல்லாம் சார் சொல்லித் தருவார். நான் சொல்ல வந்தது சாவுக் கணக்கைப் பற்றி.

ஒவ்வொரு ஊரிலும் யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்று அந்த ஊர் மணியக்காரர் மாதா மாதம் எழுதி அனுப்புவார். நம் ஆபீஸில் அதையெல்லாம் கூட்டித் திருச்சிக்கு அனுப்புவோம். அங்கிருந்து மதராஸ், அங்கிருந்து டில்லி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அதில் பெருமைகூட உண்டு. நம் ஊரில் ஒரு கிழவன் செத்தால் டில்லிவரைக்கும் தெரிகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெருமை ஒரு மணியக்காரரால் போயிற்று. அவர் ஊரிலிருந்து மாதம் தவறாமல் 'இறப்பு இல்லை' என்று வரும். சாருக்குச் சந்தேகம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அந்த வீட்டு வாசலில் ஒரு பையன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான்.

"மணியக்காரர் எங்கப்பா?"

"அப்பாவா? அப்பா தவறிப் போயி நாளாச்சுங்களே."

"அப்ப மாசா மாசம் கையெழுத்துப் போட்டு அனுப்பறது யாரு?"

"நாந்தான். அப்பா எப்பவும் இல்லைன்னுதான் எழுதுவாரு. நானும் அப்பிடியே எழுதினேன்."

சார் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "செத்தவன் கையெழுத்துப் போட்டு யாரும் சாவலைன்னு சொல்றான், அத நான் கூட்டி அனுப்பறேன்" என்றார். அன்றிலிருந்து, வந்த கணக்கை அப்படியே நம்பாமல் போய்ப் பார்ப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். நீங்களும் அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கொள்ளிடக்கரை ஊர்களுக்கு ஒரு சர்க்கார் மருத்துவச்சி வேண்டும் என்று சார் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. மேட்டில் ஏறாது, நாங்கள் இறங்கித் தள்ளுவோம். அப்படி ஒரு பஸ்ஸில் திருச்சிக்குப் போய்ப் பெரிய ஆபீசரைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு திரும்பி வந்தார்.

"கெடைக்காதாம்ப்பா" என்றார். "நம்ம பக்கத்துல பிள்ளப்பேத்துல பொம்பளைங்க யாருமே சாவலையாம். கணக்கு அப்பிடித்தான் சொல்லுதாம். எல்லாரும் காய்ச்சல்ல சாவுறாங்களாம். காய்ச்சலுக்கு எதுக்கு மருத்துவச்சின்னு கேக்கறாரு."

அது பொய்யில்லை. நம் மணியக்காரர்கள் அனுப்புவதில் எல்லாமே காய்ச்சல்தான். பாம்பு கடித்தாலே காய்ச்சல் என்று எழுதுகிறவர்கள்.

வீட்டுக்கு வந்து பவுனிடம் சொன்னேன். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை.

"அப்ப ரோட்டோரம் நிக்கிற கல்லெல்லாம் என்னவாம் மச்சான்? காய்ச்சலுக்கா வச்சாங்க?"

சுமைதாங்கிக் கல் உங்களுக்குத் தெரியாததில்லை. இரண்டு கல் நட்டு மேலே ஒன்று குறுக்கே. வயிற்றில் பிள்ளையோடு போனவள் இறக்கி வைக்காத சுமையோடு போகிறாள் என்று அவள் பெயருக்கு வைப்பார்கள். தலையில் சுமையோடு வருகிறவர்கள் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை. பவுனு கல்யாணத்துக்கு முன் கொள்ளிடக்கரையிலிருந்து அரியலூர்ச் சந்தைக்கு விறகு சுமந்தவள். வழியில் இருக்கிற கல் ஒன்றிலாவது அவள் இறக்கி வைக்காமல் வந்ததில்லை.

மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"அடப்பாவி, தினம் சைக்கிள அதுலதானே சாத்தி வைக்கறேன்!"

ஆஸ்பத்திரியில் கேட்டுப் பவுனை எங்களோடு அனுப்பும்படி செய்தார். ஆம்பிளை போய்க் கேட்டால் எந்த வீட்டிலும் பேச மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நடைகள்தான் இப்போது ஓயாமல் ஞாபகம் வருகின்றன. சார் முன்னால் சைக்கிளில் போய்விடுவார். நானும் அவளும் பின்னால். என் துண்டை உருவிச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்து, அதன் மேல் எங்கள் சோற்று மூட்டையை வைத்துக்கொள்வாள். "மூட்டய நான் தூக்கறேன்டி" என்றால், "கல்லுல எறக்கறதுக்குன்னு ஒரு சொம வேணாமா, வெறுங்கையோட போயி என்னத்த எறக்கறது?" என்பாள்.

அவள் கேட்ட விதத்தைத்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். சாவு என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். கல்லில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். வழியில் வருகிறவர்களிடம், "இது யாரு வூட்டுக் கல்லுங்க? நல்லா இருக்கட்டும்" என்பாள். சொல்லிவிடுவார்கள். பிறகு அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க கல்லுல சொமய எறக்கிட்டு வந்தேன்" என்பாள். அவ்வளவுதான். அந்த வார்த்தை சொல்லி வந்தவளை எந்த வீட்டிலும் வெளியே நிறுத்தியதில்லை. தண்ணீர் வரும். தண்ணீரோடு அழுகை வரும். அழுகையோடு எல்லாம் வரும்.

அப்படி ஒரு வீட்டில்தான் எனக்குக் காரணம் விளங்கிற்று. மகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி சொன்னாள்: "காய்ச்சல்னுதான் சொன்னோம் ஆயி. வேற ஏதாச்சும் சொன்னா சர்க்கார்ல தூக்கிட்டுப் போயி அறுத்துப் பாப்பாங்கன்னாங்க. பட்ட பாடு போதாதா எம் புள்ள? செத்தப்புறமும் அறுக்கணுமா?"

சர்க்காருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, உண்மையை ரோட்டில் நட்டு வைத்திருந்தார்கள். தம்பி, இதை மட்டும் மறக்காதே. காய்ச்சல் என்று சொல்கிறவர்களைப் பொய்யர்கள் என்று நினைத்து அதட்டாதே. அவர்கள் மறைக்கவில்லை, காவல் காக்கிறார்கள்.

எல்லா நாளும் அழுகையாகவும் இல்லை. கல்லங்குறிச்சிப் பாதையில் ஒரு புதுக் கல். மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு வந்த ஒருத்தி, பெரிய வீட்டு மருமகளுக்கு வைத்தது என்றாள். பவுனுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. புதுக் கல் என்றால் புதுத் துக்கம் இல்லையா? அந்த வீட்டு வாசலுக்குப் போய், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க கல்லுல சொமய எறக்கிட்டு வந்தேன். அந்தப் புண்ணியவதி எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

உள்ளேயிருந்து இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் மோர்ச் சொம்பை எடுத்து வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன். மோருக்கு உப்புப் போட்டிருக்கு, பாத்துச் சொல்லு."

பவுனு அவளையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்லு... யாருக்கு வச்சது?"

"எனக்குத்தான்."

"நீங்க..."

"என்னடி இது, உசுரோட நிக்கிறவளப் பாத்து அழுவுற? நான் பொழச்சதுக்கு வச்ச கல்லு அது. எங்க மாமனாரு பெருமாளுக்கு வேண்டிக்கிட்டாரு. ஏன், செத்தாத்தான் கல்லு வைக்கணும்னு சட்டமா?"

சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். பவுனும் சிரித்து, மோர் புரையேறி, அந்தப் பெண்ணே அவள் தலையைத் தட்டிவிட்டாள். பிறகு தான் பிழைத்த கதையைச் சொன்னாள். இரண்டாம் நாள் வலியில் மாமனார் வண்டி கட்டி அரியலூருக்குக் கொண்டு வந்துவிட்டார். ரோடு காய்ந்திருந்தது, மாடு நல்ல மாடு, ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே வந்ததும் சார், "இந்தக் கல்ல வுட்டுடலாம், இது நம்ம கணக்குல வராது" என்றார்.

பவுனு ஒத்துக்கொள்ளவில்லை. சாரிடம் அவள் எதிர்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன்.

"ஏன் சார் வராது? செத்தவங்களையே சொல்லிக்கிட்டிருந்தா, பொம்பளைன்னா அப்பிடித்தான் சாவான்னு வுட்டுடுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிப் பொழச்சவளையும் சேத்துச் சொல்லுங்க. அப்பத்தான சாவாம இருந்திருக்கலாம்னு தெரியும்?"

சார் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்தார். அவருக்கு ஒன்று பிடித்துப் போனால் அப்படிச் செய்வார். பிழைத்தவர்களையும் தேடிக் கேட்டோம். அன்றைக்கு நாங்கள் வாசலில் கேட்காமல் கல்லைப் பார்த்தே எழுதியிருந்தால், உயிரோடு இருக்கிற ஒருத்தியைச் சாகடித்து டில்லிக்கு அனுப்பியிருப்போம். கல்லே ஆனாலும் வாசலில் போய்க் கேளுங்கள்.

இவ்வளவும் செய்து அனுப்பினோம். பதில் வந்தது. கல்லெல்லாம் பழைய கதை, ஊரார் பேச்சு. சாவு நடந்தபோது மணியக்காரர் எழுதியதுதான் கணக்கு. இனிமேல் அப்படி வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, எல்லாம் ஒரு இடத்தில் வந்து நின்றது. வாசலில் பிணம் கிடக்கும்போது, மணியக்காரர் வந்து கேட்கும்போது, வீட்டுக்காரர்கள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் மருத்துவச்சி. சொல்லாவிட்டால் காய்ச்சல்.

"அந்த நேரத்துல யாருடி சொல்லுவா?" என்றேன் பவுனிடம். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம்.

"நீங்க சொல்லுவீங்களா?"

"நல்ல வார்த்த பேசுடி."

"சும்மா கேட்டேன் மச்சான். யாருமே சொல்ல மாட்டாங்க. அவுங்களக் குத்தம் சொல்லவும் முடியாது" என்று சொல்லிவிட்டு, சாம்பிராணி போட எழுந்து போனாள்.

தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். திருமழபாடிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையிலேயே வீடு. ஐப்பசி மழை. நான் லீவு சொல்லிவிட்டுப் போன அன்றே வலி கண்டுவிட்டது. ஊரில் பிள்ளை பார்க்கிற அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "குறுக்க கெடக்கு. எங்கையில ஆவாது. டவுனுக்குக் கொண்டு போங்க" என்றாள்.

வண்டி கட்டினோம். மாடு நல்ல மாடுதான். ரோடுதான் இல்லை. சேற்றில் அச்சுவரைக்கும் இறங்கிவிடும், இறங்கித் தூக்கிவிடுவோம், நாலு எட்டு நகரும், மறுபடி இறங்கும். என் மாமன் சக்கரத்தைத் தோளால் தள்ளிக்கொண்டே வந்தார். பவுனு வைக்கோல் மேல் படுத்துக்கொண்டு என் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை வலி விட்டபோது துண்டை எடுத்தாள்.

"வழியில கல்லு வந்தா சொல்லுங்க மச்சான். இத எறக்கி வச்சிட்டுப் போவோம்."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவள் கடைசியாகச் சிரித்த முகம் அதுதான். அந்தச் சேற்றிலேயே போய்விட்டாள். பிள்ளையும் உள்ளேயே. வண்டியைத் திருப்பினோம். வரும்போது மட்டும் எங்கேயும் மாட்டவில்லை.

வாசலில் படுக்க வைத்திருந்தோம். மணியக்காரர் குடையோடு வந்து கூரைத் தண்ணீருக்கு ஒதுங்கி நின்றார். நல்ல மனிதர். எங்களோடு வந்து எத்தனையோ வீடு காட்டியவர்.

"நான் ஒண்ணும் கேக்கல தம்பி. காய்ச்சல்னே போட்டுக்கறேன்" என்றார்.

எனக்கு உடனே சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் வண்டிச் சேறு.

"ஆமா மாப்ளே. காய்ச்சல்னே இருக்கட்டும். எம் பொண்ண அறுக்க வுட்டுடாதீங்க மாப்ளே."

ஊர் ஊராகப் போய் "யாரும் அறுக்க மாட்டாங்க, பயப்படாம சொல்லுங்க" என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். சார் சொன்னார் என்று சொன்னோம். அன்றைக்கு அவள் அங்கே கிடக்கும்போது எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. சர்க்கார் சம்பளம் வாங்குகிற எனக்கே பயமாக இருந்தது. அதுவரைக்கும் நான் வாசலுக்கு வெளியே நின்று கேட்டவன். அன்றைக்குத்தான் உள்ளே நின்று கேட்கப்பட்டவன்.

நான் மணியக்காரரிடம் கேட்டேன். "எங்க மாமாவப் பாத்து நீங்களே சொல்லுங்க. உண்மைய எழுதினா அறுப்பாங்களா?"

அவர் குடையை மடக்கினார். "யாருப்பா அறுக்கறா? உசுரோட இருக்கறவள அறுத்துப் பொழைக்க வைக்கவே இங்க ஆள் இல்ல. செத்தவள அறுக்கவா இந்தச் சேத்துல வரப்போறான்?"

மாமன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டார்.

"வயித்துல பிள்ளையோட, பிள்ளப்பேத்துல செத்தான்னு எழுதுங்க. ரோடு இல்லாம, பாக்க ஆள் இல்லாம செத்தா. பேரு பவுனம்மா. நம்ம ஆஸ்பத்திரி ஆயா."

எழுதினார். யாரும் அறுக்க வரவில்லை. தாலி கட்டின அன்றைக்கு உடுத்திய சேலையிலேயே, முழுசாக, அவளைக் கொண்டு போனோம்.

அந்த மாதக் கணக்கு ஆபீஸுக்கு வந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். சார் படித்துவிட்டு, "நீயா சொன்ன?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். வெளியே போய் வெகு நேரம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

தங்கச்சி, அவள் ஒருத்தி செத்ததால் நீ வந்தாய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சாவை வைத்து யாரும் ஆள் போட மாட்டார்கள். ஆனால் பேச்சு பரவியது. ஆஸ்பத்திரி ஆயாவுக்கே அப்படித்தான் எழுதினார்கள், யாரும் தொடக்கூட வரவில்லை என்று கொள்ளிடக்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு வீட்டில் சொன்னார்கள். அப்புறம் இன்னொரு வீட்டில். அதுவரைக்கும் காய்ச்சலாக இருந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பெயரில் வர ஆரம்பித்தது. சார் பிழைத்தவர்களையும் சேர்த்தே அனுப்பினார். அதற்குப் பிறகுதான் நீ.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குப் போகும்போது, கேட்க வந்ததை முதலில் கேட்காதீர்கள். என்ன நடக்காது என்பதை முதலில் சொல்லுங்கள். "யாரும் தொட மாட்டாங்க" என்று சொல்லுங்கள். அவர்கள் கையை விடும்வரைக்கும் காத்திருங்கள். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுமில்லை.

மாமன் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. ஒரு நாள் ஆள் அனுப்பினார். போனேன். திருமழபாடிக்குத் திரும்புகிற இடத்தில், வண்டி அன்றைக்கு முதலில் மாட்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில், கல் நட்டிருந்தார். குறுக்குக் கல்லை மட்டும் ஏற்றவில்லை. "ஒரு பக்கம் புடிங்க மாப்ளே" என்றார். இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தோம்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் விறகை இறக்குகிறார்கள், புல்லுக்கட்டை இறக்குகிறார்கள். நான் இன்னும் எதையும் இறக்கி வைத்ததில்லை. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். எத்தனை தடவை துவைத்தாலும் அவள் சுற்றின சும்மாடு மாதிரியே சுருண்டுகொள்கிறது. பெரம்பலூருக்கு அது வழியில்லை, தலைகீழ் வழி. இருந்தாலும் நாளைக்கு என் மூட்டையோடு அப்படித்தான் போகப்போகிறேன்.

தங்கச்சி, உன் முதல் பிள்ளையை எடுக்கப் போகும்போது அந்தக் கல் வழியில்தான் இருக்கும். அந்தத் தோல் பையை ஒரு நிமிஷம் அதன் மேல் வை. தம்பி, நீயும் கையில் இருக்கிறதை வை. இதைப் படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கல்லில் இறக்கினாலும் சரி, நீங்கள் கும்பிடுகிற சாமி எதுவானாலும் சரி, இறக்கிவிட்டு நிமிரும்போது, பவுனுக்கும் அவள் பிள்ளைக்கும் சுமை இறங்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.